சத்துவாச்சாரி வீட்டுக் குழு: அப்பாவின் மாருதி 800-இல் பெட்ரோல் வாசனை

*வியாழன்*

அம்மா, காலை 5:50
செந்தில் எழுந்துவிட்டாயா? வாசல் தெளிக்க வந்தேன், போர்ட்டிகோவில் பெட்ரோல் வாசனை மூக்கைத் துளைக்கிறது. நேற்றும் லேசாக இருந்தது, பக்கத்து வீட்டு வண்டி என்று விட்டுவிட்டேன். இன்றைக்குக் குனிந்து பார்த்தால் நம் கார்தான். வெந்நீர் அடுப்பைப் பற்ற வைக்கவே பயமாக இருக்கிறது.

செந்தில், 6:05
பார்த்தேன் அம்மா. முன் சக்கரத்துக்கு உள்பக்கம் தரையில் ஒரு ரூபாய் அளவுக்கு ஈரம். பானெட்டைத் திறந்தால், பம்பிலிருந்து கார்புரேட்டருக்கு (பெட்ரோலைக் காற்றோடு கலக்கிற பாகம்) போகிற ஹோஸ் முனையில் வியர்த்த மாதிரி இருக்கிறது. (படம்) சேகர் மாமா, இதைக் கொஞ்சம் பாருங்கள்.

சேகர் மாமா, 6:20
மாப்பிள்ளை, சாவியைத் திருப்பாதே. ஒரு தடவை ஸ்டார்ட் செய்து எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கலாம் என்று தோன்றும், வேண்டாம். நியூட்ரலில் போட்டு முதலில் தெருவுக்குத் தள்ளு. பானெட் திறந்தே கொஞ்ச நேரம் காற்றாடட்டும். அப்புறம் பேட்டரி மைனஸ் டெர்மினலைக் கழற்று. கழற்றும்போதும் ஒரு பொறி வரும், அதனால்தான் காற்றாடிய பிறகு கழற்றச் சொல்கிறேன்.

சேகர் மாமா, 6:24
அக்கா, நீ அடுப்பைப் பற்ற வைக்காமல் இருந்தது ரொம்ப நல்லது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையோடு தரையாக நகரும். போர்ட்டிகோவில் கசிந்தது அந்தச் சந்து வழியாகப் பின்கட்டு வரைக்கும் வந்து நிற்கும், நமக்குத் தெரியாது. அடுத்த வாரம் தீபம். படியில் வரிசையாக அகல் வைப்பாய். அதை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அம்மா, 6:26
அகலெல்லாம் கழுவிக் காயவைத்து அந்தப் படியில்தான் அடுக்கியிருக்கிறேன் சேகரு.

அப்பா, 7:10
ஹோஸ் ஒன்றுதானே. ஒரு அடி வாங்கி மாட்டினால் தீர்ந்தது. 98-இல் எடுத்த வண்டி, பம்ப் இன்றைக்கும் கம்பெனியில் வந்த அதே பம்ப். ஓடுகிற பொருளைத் தொட்டால்தான் கோளாறு வரும். ஞாயிற்றுக்கிழமை போளூர் போக வேண்டும், தங்கச்சியிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சேகர் மாமா, 7:31
மாமா, ஒழுகுகிற ஹோஸ் நமக்கு நல்லது செய்கிறது, நான் கெட்டுவிட்டேன் என்று சொல்லிவிடுகிறது. ஒழுகாமல் கெட்டுப்போன ஹோஸ்தான் எனக்குக் கவலை. பம்புக்கு அப்புறம் இருக்கிற குழாயில் பெட்ரோல் அழுத்தத்தோடு போகும், விரிசல் இருந்தால் வெளியே கசியும். பம்புக்கு முன்னால், டேங்கிலிருந்து வருகிற பக்கம் அப்படியில்லை, அங்கே பம்ப் உறிஞ்சுகிறது. விரிசல் இருந்தால் ஓடும்போது பெட்ரோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டு விழாது. ஆனால் காலையில் செல்ஃப் நாலு தடவை அடித்தால்தான் வண்டி எடுக்கும், ஏனென்றால் ராத்திரியெல்லாம் லைனில் நின்ற பெட்ரோல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. செந்தில், காலையில் எத்தனை தடவை அடிக்க வேண்டியிருக்கிறது?

செந்தில், 7:34
இப்போது ஐந்தாறு தடவை மாமா. ஆடி மாதம் வரைக்கும் இரண்டாவது அடியில் எடுத்துவிடும்.

கவிதா அக்கா, 7:40
சித்திரையில் ஏலகிரி ஏறும்போது பாதி வளைவில் நின்றுபோனதே, அரை மணி நேரம் குழந்தையை வைத்துக்கொண்டு வெயிலில் நின்றோமே, அதுவும் இதுதானா?

சேகர் மாமா, 7:48
இருக்கும் கவிதா. அந்த வெயிலில், ஏற்றத்தில், முதல் கியரில் இன்ஜின் கொதிக்கிறது. பம்ப் இன்ஜின் தலையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்பால் ஆவியை இழுக்க முடியாது. லைனிலும் காற்று புகுந்தால் கேட்கவே வேண்டாம். ஈரத்துணி போட்டதும் எடுத்தது என்று சொன்னீர்களே.

செந்தில், ஒரு வேலை செய். ஆயில் ஸ்டிக்கை எடுத்துப் பார். அளவு எங்கே நிற்கிறது, வாசனை என்ன, இரண்டு விரலில் தேய்த்தால் எப்படி இருக்கிறது, மூன்றையும் சொல்.

செந்தில், 8:15
மேல் கோட்டையும் தாண்டி நிற்கிறது. போன மாதம் நடுவில்தான் இருந்தது, நான் ஆயில் ஊற்றவே இல்லை. விரலில் தேய்த்தால் பிசுக்கே இல்லை, சீயக்காய் கரைத்த தண்ணீர் மாதிரி ஓடுகிறது. நல்ல பெட்ரோல் வாசனை.

சேகர் மாமா, 8:17
பம்ப் போய்விட்டது மாமா. ஹோஸ் ஒன்றோடு முடியாது.

சேகர் மாமா, 8:29
விளக்கமாகச் சொல்கிறேன், செந்திலும் தெரிந்துகொள்ளட்டும். அந்தப் பம்பில் கரண்ட் கிடையாது. இன்ஜின் கேம்ஷாஃப்ட் சுற்றும்போது ஒரு லீவரைத் தள்ளும், லீவர் ஒரு டயாஃப்ரத்தை மேலும் கீழும் அசைக்கும், இரண்டு சின்ன வால்வு பெட்ரோலை ஒரே பக்கமாக விடும். டயாஃப்ரம் என்றால் துணி வைத்த ரப்பர், அவ்வளவுதான். 27 வருடம் அசைந்திருக்கிறது. அது கிழிந்தால் பெட்ரோல் வெளியே வராது, லீவர் வழியாக நேராக இன்ஜின் ஆயிலில் இறங்கும். ஆயில் நீர்த்துப்போனால் பேரிங் தேயும். இப்படியே போளூர் போயிருந்தால் கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் இன்ஜின் சத்தம் மாறியிருக்கும். நான் பட்டறையில் இருந்த காலத்தில் இதைப் பார்க்காமல் விட்டு இன்ஜினையே இறக்கிய வண்டிகள் உண்டு.

அப்பா, 8:50
ஆயில் ஸ்டிக் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சரி, பம்பும் மாற்றுங்கள்.

கவிதா அக்கா, 9:05
எல்லாம் இந்த எத்தனால் கலந்த பெட்ரோலால்தான் என்று இங்கே ஆபீசில் பேசிக்கொள்கிறார்கள். உண்மையா?

ரகு (ஆற்காடு), 9:40
கடை திறந்துவிட்டு வந்தேன் அக்கா. பாதி உண்மை. 2023 பிப்ரவரியில் இ20 விற்க ஆரம்பித்தார்கள், 20 சதவீதம் எத்தனால். இப்போது கிட்டத்தட்ட எல்லா பங்கிலும் அதுதான். 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிகளில் அதற்கேற்ற ரப்பரும் பிளாஸ்டிக்கும் போட்டு வருகிறது. 98-இல் வந்த வண்டிக்கு யார் போட்டார்கள்? பழைய ரப்பர் அதில் ஊறி உப்பும், மெதுவாகும், காய்ந்தால் விரிசல் விடும். இன்னொன்று, எத்தனால் தண்ணீரை இழுக்கும். தினமும் ஓடுகிற வண்டிக்கு அது பெரிய விஷயம் இல்லை. பெரியப்பா வண்டி மாதத்துக்கு இரண்டு நாள் ஓடுகிறது, மீதி நாள் கால் டேங்க் பெட்ரோலோடு நிற்கிறது. அதுதான் பிரச்சினை.

கவிதா அக்கா, 9:43
மைலேஜும் குறைகிறது என்கிறார்களே.

ரகு, 9:46
குறையும். எத்தனால் கலக்காத பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10 சதவீதத்துக்குச் சரிசெய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக் 2021 அறிக்கையிலேயே இருக்கிறது. கார்புரேட்டர் வண்டிக்கு அந்த அளவு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

சேகர் மாமா, 9:58
எத்தனால் மேலேயே எல்லாப் பழியையும் போட வேண்டாம் ரகு. வேலூர் வெயிலில் 27 வருடம் பானெட்டுக்குள் வெந்த ரப்பர், எந்தப் பெட்ரோல் ஊற்றினாலும் போயிருக்கும். எத்தனால் கொஞ்சம் சீக்கிரம் முடித்துவைத்தது. நீ கடையில் என்ன ஹோஸ் வைத்திருக்கிறாய்?

ரகு, 10:20
அதிக அழுத்தம் தாங்குகிற இன்ஜெக்ஷன் ஹோஸ் இருக்கிறது மாமா, மேலேயே எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று தரக் குறியீடு அச்சடித்திருக்கும். உள்பூச்சு ஃப்ளூரோ ரப்பர், எத்தனாலுக்குத் தாங்கும். கார்புரேட்டர் வண்டிக்கு இவ்வளவு அழுத்தம் தாங்கத் தேவையில்லை, ஆனாலும் அதையே போடுங்கள். செந்தில், பழைய துண்டு ஒன்றை வெட்டிக் கையோடு எடுத்து வா, உள்விட்டம் பார்த்துத் தருகிறேன். வெளியே அளந்து வாங்கினால் தப்பாகிவிடும். கிளாம்ப்பும் புதிதாக வாங்கு. பட்டையில் வெட்டு வெட்டாக இருக்குமே, ஸ்க்ரூ கிளாம்ப், இந்தச் சின்ன ஹோஸுக்கு அது வேண்டாம், இறுக்கும்போது ரப்பரை அறுத்துவிடும். வழவழப்பான பட்டை, சின்ன போல்ட் வைத்தது தருகிறேன்.

*சனி*

செந்தில், காலை 8:10
மாமா வந்துவிட்டார், ஆரம்பித்துவிட்டோம். வண்டி தெருவில்தான் நிற்கிறது. பக்கத்தில் மணல் வாளி, கவிதா அக்கா போன வருடம் வாங்கிக் கொடுத்த பவுடர் சிலிண்டர் இரண்டும் வைத்திருக்கிறோம்.

கவிதா அக்கா, 8:12
தண்ணீர் வாளி வைக்கவில்லையே? பெட்ரோல் தண்ணீர் மேல் மிதக்கும்டா, தீயோடு சேர்ந்து பரவும். மணலும் பவுடரும் போதும். தம்பி, செல்போனைச் சார்ஜில் போட்டுக்கொண்டு பானெட் பக்கம் வைக்காதே.

செந்தில், 9:25
டேங்கில் இருந்ததைக் கைப்பம்பு வைத்து தகர கேனில் இறக்கினோம். கடைசியாக வந்ததை மாமா ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து நிறுத்தி வைத்தார். அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். (படம்) அடியில் ஒரு விரல் உயரத்துக்குத் தனியாக ஒரு அடுக்கு, அதற்கும் கீழே செம்மண் மாதிரி துரு.

ரகு, 9:31
அந்த அடி அடுக்குதான் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்தது. அதைத்தான் பம்ப் முதலில் உறிஞ்சும்.

செந்தில், 10:05
பம்பில் இருக்கிற குழாய்களை எல்லாம் கழற்றுவதற்கு முன் போட்டோ எடுத்து, ஒவ்வொன்றிலும் துணி டேப் சுற்றி நம்பர் போடச் சொன்னார் மாமா. மிச்சப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்புகிற குழாயை மாற்றி மாட்டிவிட்டால் அப்புறம் தேடிக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார்.

அப்புறம் ஒரு விஷயம். இரண்டு வருடம் முன்பு ஒரு பட்டறையில் ஒரு துண்டு மாற்றினோமே, அது பெட்ரோல் ஹோஸே இல்லை. வெள்ளை பிளாஸ்டிக் டியூப். மஞ்சளாகி, எலும்பு மாதிரி இறுகி, இழுத்ததும் பட்டென்று உடைந்தது. கிளாம்ப் இருந்த இடத்தில் ஹோஸுக்கும் பைப்புக்கும் நடுவில் நகம் போகிறது.

அப்பா, 10:20
அன்றைக்கு நான்தான் பக்கத்தில் நின்றேன். உள்ளே பெட்ரோல் ஓடுவது தெரியும், நல்லது என்று சொல்லிப் போட்டார்கள்.

செந்தில், 11:15
பின்பக்கம் டேங்கிலிருந்து இரும்பு பைப்புக்கு வருகிற ஹோஸ். ஒரு சொட்டுகூட ஒழுகாத ஹோஸ். நேராக வைத்தால் நன்றாகத்தான் இருக்கிறது, விரலில் வளைத்ததும் பாருங்கள். (படம்) கோடையில் வற்றின ஏரியில் வண்டல் வெடிக்குமே, அப்படி. அப்பா கையில் கொடுத்தேன். ரொம்ப நேரம் வளைத்து வளைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்பா, 11:40
பெட்ரோல் ஊற்றுகிற வாயில் இருக்கிற பெரிய ஹோஸ், காற்றுக் குழாய், எதையும் விட வேண்டாம். எல்லாம் ஒரே வயது. ரகு, இன்னும் இரண்டு மீட்டர் கொடுத்தனுப்பு. பணம் நான் தருகிறேன்.

செந்தில், மதியம் 2:30
கார்புரேட்டரையும் திறந்தோம். மிதவை மேலே வந்ததும் பெட்ரோலை அடைக்கிற நீடில், அதன் கூம்பு முனையில் மோதிரம் போட்ட மாதிரி தேய்ந்த ஒரு கோடு. நகத்தால் தடவினால் தட்டுகிறது. அது சரியாக அடைக்காததால்தான் ட்ராஃபிக்கில் நிற்கும்போது கரும்புகை வந்திருக்கிறது. வாங்கி வந்த கார்புரேட்டர் ரிப்பேர் கிட்டில் புது நீடில் இருந்தது. பெட்ரோலை அளந்து விடுகிற சின்னத் துளை, ஜெட், அதைக் கம்பி விட்டுக் குத்தப் போனேன், மாமா கையைப் பிடித்துவிட்டார். பித்தளை, துளை ஒரு இழை பெரிதானாலும் அளவு கெட்டுவிடுமாம். ஸ்ப்ரே அடித்துக் காற்று பிடித்தோம்.

சேகர் மாமா, மாலை 4:45
பம்ப் உட்கார்ந்துவிட்டது. பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுக்கத்தான் ஒரு மணி நேரம். கேம்ஷாஃப்ட்டின் மேடு பம்ப் லீவரைத் தள்ளாத நிலைக்கு இன்ஜினைச் சுற்றி வைத்துவிட்டு, இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். ஃபில்டர் புதிது, அம்புக்குறி கார்புரேட்டரைப் பார்த்து. பழைய ஆயிலை இறக்கி, ஆயில் ஃபில்டர் மாற்றி, புது ஆயில் ஊற்றிய பிறகுதான் சாவி. அந்த நீர்த்த ஆயிலில் ஒரு நிமிடம்கூட ஓட்ட விடவில்லை. அக்கா, ஒரு டம்ளர் டீ.

செந்தில், 5:20
முதலில் பத்து விநாடி செல்ஃப், நிறுத்தி, மறுபடி பத்து விநாடி. புது லைனில் பெட்ரோல் நிரம்ப வேண்டுமே. மூன்றாவது தடவை எடுத்துக்கொண்டது! பதினைந்து நிமிடம் ஐடிலில் விட்டு, ஒவ்வொரு மூட்டிலும் வெள்ளை டிஷ்யூ வைத்து ஒற்றிப் பார்த்தோம். காய்ந்தே இருக்கிறது.

அம்மா, 5:31
வண்டி இன்றைக்கு ராத்திரியும் தெருவிலேயே நிற்கட்டும். காலையில் நான் வந்து மோந்து பார்த்தபிறகு சொல்கிறேன்.

*ஞாயிறு*

அம்மா, காலை 5:40
வாசனை இல்லை. குனிந்தும் பார்த்தேன். அடுப்பைப் பற்ற வைத்துவிட்டேன், எழுந்து குளியுங்கள்.

அப்பா, 6:30
முதல் அடியிலேயே எடுத்தது. பம்ப், ஹோஸ் எல்லாம், ஃபில்டர், ஆயில், தேதி, கிலோமீட்டர் நோட்டில் எழுதிவிட்டேன். கிளம்புகிறோம்.

சேகர் மாமா, 6:34
மாமா, போகும் வழியில் டேங்கை நிரப்பிவிடுங்கள், இனிமேல் கால் டேங்கோடு நிறுத்த வேண்டாம். வாரத்துக்கு ஒரு தடவை காட்பாடி வரைக்குமாவது ஓட்டுங்கள். செந்தில், போளூர் போனதும் இன்ஜின் ஆறட்டும், கிளாம்ப்பெல்லாம் ஒரு சுற்று இறுக்கிப் பார், புது ரப்பர் கொஞ்சம் உட்காரும். ஆயில் ஸ்டிக்கும் பார்.

போளூர் அத்தை, 7:50
அண்ணா எங்கே வருகிறீர்கள்? தீபக் கூட்டம் இப்போதே ரோட்டில் தெரிகிறது, மெதுவாக வாருங்கள்.

செந்தில், 9:20
வந்துவிட்டோம் அத்தை, வாசலில்தான் நிற்கிறோம். மாமா, இரண்டு கிளாம்ப் மட்டும் கால் சுற்று பிடித்தது. டிஷ்யூ காய்ந்தே இருக்கிறது. ஆயில் நேற்று வைத்த அளவிலேயே நிற்கிறது, பெட்ரோல் வாசனை இல்லை.

போளூர் அத்தை, 9:22
பானெட்டை மூடிவிட்டு உள்ளே வாப்பா, இட்லி ஆறுகிறது.