ஜிம்னியில் முதல் ஆஃப்ரோடு: சக்லேஷ்பூர் போகுமுன் என்ன வாங்குவது?

ஓசூர் ஜிம்னி கேட்டது:

வணக்கம். ஆயுத பூஜை முடிந்து வருகிற வார இறுதியில் எங்கள் நண்பர்கள் கிளப் கர்நாடகாவில் சக்லேஷ்பூர் பக்கம் ஒரு தனியார் காபி எஸ்டேட்டில் இரண்டு நாள் ஆஃப்ரோடு (சாலையில்லாத சேறு, மேடு பள்ளத்தில் ஓட்டுவது) வைத்திருக்கிறது. வருவதில் பெரும்பாலும் மஹிந்திரா தார். நான் மட்டும் மாருதி ஜிம்னி, மேனுவல் கியர். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது. நான்கு சக்கரத்துக்கும் விசை கொடுக்கும் ஃபோர்வீல் லீவரை வீட்டு வாசலில் தள்ளிப் பார்த்ததோடு சரி. கையில் 40,000 ரூபாய் வரை இருக்கிறது. ஸ்நார்க்கல் போடுவதா, சேற்றுக்கான மட் டயர் மாற்றுவதா, வண்டியை இரண்டு இன்ச் தூக்குவதா? மனைவியும் ஆறு வயதுப் பையனும் வருகிறோம் என்கிறார்கள். கூட்டிப் போகலாமா?

பழைய ஜிப்ஸி, கோவை:

தம்பி, மூன்றும் வேண்டாம்.

ஸ்நார்க்கல் என்ஜின் காற்றிழுக்கும் வாயை மேலே கொண்டுபோகும், அவ்வளவுதான். ஆக்ஸில் பிரீதர் (அச்சில் காற்று போய்வரும் சின்னத் துளை) வழியாக கியர் ஆயிலில் தண்ணீர் கலப்பதை அது தடுக்காது. ஓடை வந்தால் இறங்கி நடந்து பாருங்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் முதல் தடவை வருகிறவருக்கு அங்கே வேலையில்லை. குறைவாக இருந்தால் 4எல் (ஃபோர்வீல் லீவரில் மெதுவாக, அதிக விசையோடு ஊரும் நிலை), ஒரே சீரான மெதுவேகம், நடுவில் கிளட்சைத் தொடக்கூடாது.

பணம் செலவழித்தே ஆக வேண்டுமென்றால் ஒரு நல்ல கம்ப்ரஸர், காற்றழுத்தம் பார்க்கும் கேஜ், தாங்கும் எடை பொறித்த இரண்டு பௌ ஷேக்கிள் (கயிற்றை வண்டியில் மாட்டும் இரும்பு வளையம்), மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்க நீண்டு கொடுக்கும் கினெடிக் கயிறு ஒன்று. சங்கிலி வேண்டாம். அது நீளாது, வெடுக்கென்று இழுக்கும்போது எதையாவது பிய்த்துக்கொண்டு வரும்.

கம்ப்ரஸரை முதலில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சேற்றுக்குள் போகுமுன் நான்கு டயரிலும் காற்றை 18 - 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்கள். டயர் நீளவாக்கில் படர்ந்து மண்ணைப் பிடிக்கும். புது மட் டயரில் முழுக் காற்றோடு வருகிறவரைவிட, கம்பெனி டயரில் காற்றை இறக்கிய ஆள் அலட்டாமல் மேலே ஏறிப்போவதை எத்தனையோ முறை பார்த்தாயிற்று. 15க்குக் கீழே மட்டும் போகாதீர்கள், திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். திரும்பும்போது தார்ச்சாலையில் வேகம் எடுக்குமுன் காற்றை ஏற்றியாக வேண்டும். அங்கே பங்சர் கடை கிடையாது.

அப்புறம், உங்கள் வண்டியைப் பற்றி. ஜிம்னியில் டிஃப் லாக் (இரண்டு பக்கச் சக்கரத்தையும் ஒரே வேகத்தில் சுற்ற வைக்கும் பூட்டு) இல்லை. சும்மா சுற்றும் சக்கரத்தை பிரேக் பிடித்து, விசையை எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குத் தள்ளுகிற ஏற்பாடு இருக்கிறது. சக்கரம் சுற்றினால்தான் அதற்கு விஷயமே தெரியும். புதிதாக வருகிறவர்கள் சக்கரம் அந்தரத்தில் சுற்றியதும் பயந்துபோய் ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், முடுக்கவும் செய்யாதீர்கள். ஒரே அளவில் மிதித்துக்கொண்டிருந்தால் கீழே கடகடவென்று சத்தம் வரும், வண்டி நகரும்.

தார் போன தடத்திலேயே போக வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அதன் டயர் பெரிது, அடிவயிறு உயரம் 226 மி.மீ., உங்களுக்கு 210. சக்கரங்களுக்கு இடையிலான அகலமும் வேறு. அவர்கள் உழுத பள்ளத்தில் உங்கள் ஒரு பக்கம் இறங்கி, மறுபக்கம் மேட்டில் நிற்கும், நடுவில் டிஃபரன்ஷியல் (அச்சில் இருக்கும் கியர் உருண்டை) மண்ணில் உட்காரும். பள்ளத்துக்கு மேலே, திட்டில் சக்கரத்தை வைத்து ஓட்டுங்கள். உங்கள் வண்டி சுமார் 1,200 கிலோதான். சேற்றில் அதைவிடப் பெரிய வசதி எதுவும் இல்லை. விற்பனையை நிறுத்திய பிறகும் மாருதியின் பழைய ஜிப்ஸியை எங்களைப் போன்றவர்கள் விடாமல் வைத்திருப்பது அந்த எடைக்காகத்தான்.

ஏற்றத்தில் பாதியில் நின்றுவிட்டால் திருப்ப நினைக்காதீர்கள், குறுக்கே நின்ற வண்டி உருளும். பிரேக், ரிவர்ஸ் கியர், வந்த வழியே நேராகப் பின்னால். இறக்கத்தில் 4எல், முதல் கியர், கால் கிளட்சிலிருந்து விலகியிருக்கட்டும்.

இரண்டு நாளில் ஓட்டுவது கொஞ்ச நேரம்தான். மீதி நேரம் யாராவது மாட்டியிருப்பார்கள், சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை. அதில்தான் சுகமே என்பது என் கட்சி. ஆனால் சக்கரம் உருளும்போது வெளியே நின்று வழி சொல்லிக் கை காட்டுகிறவர் ஒருவர் மட்டுமே. இன்னொருவர் கத்தினால் வண்டியை நிறுத்திவிடுங்கள்.

சேலத்திலிருந்து ஒருத்தி:

குடும்பம் பற்றிய கேள்வியை யாரும் தொடவில்லை. நான் கணவரோடு போகிறவள், பாதி நேரம் கை காட்டுவது நான்தான். மனைவியைத் தாராளமாகக் கூட்டி வாருங்கள், அவரும் ஓட்டட்டும். பையனைப் பெரிய ஏற்ற இறக்கத்தில் வண்டியில் வைத்திருக்க வேண்டாம். பெல்ட் போட்டாலும் சின்னக் கழுத்து அந்தக் குலுக்கலைத் தாங்காது, வாந்தியும் வரும். கயிறு இழுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் குழந்தைகள் கூடவே கூடாது. மழை விட்ட பருவம், அட்டை மொய்க்கும். உப்பும் முழங்கால் வரை காலுறையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. அந்தி சாய்ந்தபின் எஸ்டேட்டுக்குள் நடக்கலாமா என்று அங்குள்ள ரைட்டரை (எஸ்டேட் மேற்பார்வையாளர்) கேளுங்கள், கிளப் ஆட்களை அல்ல.

சென்னை 4x4:

எஸ்டேட்காரரின் அனுமதியை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். எல்லை எங்கே முடிகிறது என்பதும் முக்கியம். பக்கத்தில் காப்புக்காடு இருந்து அனுமதியில்லாமல் உள்ளே போனால் வனச் சட்டப்படி குற்றம். என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்த சேதத்துக்குச் சாதாரண இன்சூரன்ஸ் பொதுவாகப் பணம் தராது. என்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பாலிசி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓசூர் ஜிம்னி:

எல்லோருக்கும் நன்றி. பையன் பாட்டி வீட்டில் இருக்கட்டும் என்று முடிவாகிவிட்டது (அழுகிறான்). ஜிப்ஸி அண்ணா, கயிற்றை எதில் மாட்டுவது? பம்பருக்குக் கீழே வளையம் மாதிரி ஏதோ தெரிகிறது. நண்பர் ஒருவர் தன் வண்டியின் பின்னால் டிரெய்லர் கோக்கும் இரும்பு உருண்டையில் மாட்டலாம் என்கிறார்.

பழைய ஜிப்ஸி, கோவை:

உருண்டையில் மாட்டுகிற ஆள் பக்கத்திலேயே நிற்காதீர்கள். அது டிரெய்லரைச் சீராக இழுத்துப் போவதற்குச் செய்தது. கினெடிக் கயிறு வெடுக்கென்று இழுத்தால் உருண்டை உடைந்து கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வரும். ஆஸ்திரேலியாவில் இப்படி உயிரே போயிருக்கிறது. பம்பருக்குக் கீழே தெரிகிற வளையம் எல்லாமே இழுப்பதற்கு இல்லை, சில வண்டிகளில் லாரியில் ஏற்றிக் கட்டுவதற்கு மட்டும். கையேட்டில் எது என்று போட்டிருக்கும், வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். சேற்றில் படுத்துத் தேட முடியாது. இழுக்கும்போது கயிறு நீளத்தைவிட இன்னும் தள்ளி எல்லோரும் நிற்க வேண்டும், கயிற்றைத் தாண்டி யாரும் நடக்கக் கூடாது.

ஹாசனிலேயே டேங்க்கை நிரப்பிவிடுங்கள். 40 லிட்டர் டேங்க், 4எல்லில் ஊர்ந்தால் எவ்வளவு குடிக்கும் என்று கிலோமீட்டர் கணக்கில் சொல்ல முடியாது.