உருக்கின தாய்ப்பாலைப் பாப்பா குடிக்க மாட்டேங்கிறா, உதவுங்க

தோழிகளே, அடுத்த மாசம் வேலைக்குத் திரும்பணும். பாப்பாவுக்கு நாலு மாசம், பகல்ல அம்மா பார்த்துப்பாங்க. தினமும் பம்ப் பண்ணி, பையில தேதி எழுதி ஃப்ரீசர்ல சேர்த்துட்டு வர்றேன். ஃப்ரிட்ஜ்ல 4 நாள், அங்கேயே உருக்கினா 24 மணி நேரம், இந்தக் கணக்கெல்லாம் தெரியும்.

சிக்கல் வாடையிலதான். உருக்கின பால்ல சோப்பு மாதிரி ஒரு வாடை. கெட்டுப்போகல, பால்லயே இருக்குற லைபேஸ்ங்கிற என்சைம், கொழுப்பைப் பிரிக்கிறதால வர்றதுன்னு டாக்டர் சொன்னாங்க. ஆனா பாப்பா ஒரு வாய் வச்சதும் முகத்தைத் திருப்பிக்கிறா. அப்பவே எடுத்த பால்னா அதே பாட்டில்ல சமர்த்தா குடிக்கிறா!

ஃப்ரீசர்ல வைக்கிறதுக்கு முன்னாடி, ஓரத்துல குமிழி வர்ற அளவுக்குச் சூடாக்கி உடனே ஆறவச்சா வாடை வராதாம். யாராவது செஞ்சிருக்கீங்களா? சேர்த்து வச்ச பாலைக் கொட்ட மனசே வரல. புதுப் பாலோட கலந்து கொடுத்துப் பழக்கினவங்க இருந்தா, எந்த அளவுல ஆரம்பிச்சீங்கன்னு சொல்லுங்க, ப்ளீஸ்.