தேன்சிட்டுக்கு நாய் முடி கொடுத்த கதை

ஈசூன் செடிக்காரி:
எங்கள் சிங்கப்பூர் வீட்டுத் தாழ்வாரத்து மணி பிளாண்ட் கொடியில் தேன்சிட்டு கூடு கட்டியது. காய்ந்த இலை, நார் எல்லாவற்றையும் சிலந்தி நூலால் ஒட்டி, சுரைக்காய் மாதிரி தொங்கவிடும். உள்ளே பஞ்சு மெத்தை. நான் சும்மா இருந்திருக்கலாம். எங்கள் நாய்க்குச் சீவிய முடியை உருட்டிக் கம்பியில் சொருகி வைத்தேன். அது கொத்திக்கொண்டு போனதும் மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவ்வளவு பெருமை!

இரண்டு குஞ்சு பொரித்தது. ஒன்றுதான் பறந்தது. இன்னொன்று ஒருநாள் காலையில் கூட்டுக்குக் கீழே செத்துக் கிடந்தது. முடிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அப்புறம் படித்த விஷயம் உறுத்துகிறது. பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு, 2025இல் வெளிவந்தது. முடி விரித்த 103 பட்டாணிக்குருவிக் கூடுகளைச் சோதித்ததில் ஒவ்வொன்றிலும் ஃபிப்ரோனில் என்ற பூச்சிமருந்து இருந்ததாம். தெள்ளுப்பூச்சிக்காக நாயின் கழுத்தில் சொட்டு விடுகிறோமே, அந்த மருந்து. பூச்சிமருந்து அதிகமிருந்த கூடுகளில் பொரிக்காத முட்டையும் செத்த குஞ்சும் கூடுதல். நான் முடி சீவியதற்கு நான்கு நாள் முன்னால்தான் எங்கள் நாய்க்கு மாதச் சொட்டு விட்டிருந்தோம்.

அங் மோ கியோ தம்பி:
அக்கா, பறவை தானாகத் தேடி எடுப்பதும் எப்போதும் நல்லதாக இருப்பதில்லை. எங்கள் அடுக்குமாடி புளோக் கீழே ஒரு மைனா சிகரெட் துண்டைக் கவ்விக்கொண்டு பறந்ததைப் பார்த்திருக்கிறேன். மெக்சிகோ நகரில் ஊர்க்குருவிகளும் ஃபிஞ்ச் குருவிகளும் இதையே செய்கின்றன. துண்டு நிறைய இருந்த கூடுகளில் உண்ணி குறைவு என்று 2013இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள், நிக்கோட்டின் விரட்டுகிறது. சரி, கெட்டிக்காரக் குருவிதான் என்று நினைத்தால், துண்டு நிறைய இருந்த கூடுகளின் ஃபிஞ்ச் குஞ்சுகளுடைய ரத்த அணுக்களில் மரபணுச் சேதம் இருப்பதைப் பிறகு கண்டுபிடித்தார்கள். உண்ணிக்குத் தப்பி நஞ்சில் படுக்கை!

தேக்கா பேத்தி:
அம்மை போட்டால் என் பாட்டி படுக்கையில் வேப்பிலை பரப்புவார். இந்தியாவில் ஊர்க்குருவியும் கூட்டில் வேப்பிலை வைக்கிறது, 1981லேயே பறவையியல் இதழில் வந்த செய்தி. தேக்கா சந்தையில் ஒரு கட்டு வாங்கித் தாழ்வாரத்தில் தொங்கவிடலாமா அக்கா?

ஈசூன் செடிக்காரி:
வேண்டாம்மா, அதற்குத் தேவையானால் அதுவே தேடிக்கொள்ளும். நான் இப்போது கம்பியில் எதையும் வைப்பதில்லை. ஆனால் பழைய கூடு இன்னும் தொங்குகிறது. நேற்றுக் காலையில் பெட்டைச் சிட்டு வந்து அதிலிருந்து அந்த முடியையே பிடுங்கியது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடி விரட்டினேன். மாமியார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.