காட்டுத்தீ சீசன் வருது, வீட்டுக்கு எதுல காசு போடலாம்? (எல் டொராடோ ஹில்ஸ்)

சரிவுமேல_வீடு:
வணக்கம் மக்களே. கலிஃபோர்னியால எல் டொராடோ ஹில்ஸ் பக்கம் வீடு வாங்கியிருக்கோம், 1990கள்ல கட்டினது, பின்னாடி சரிவு, கீழ பூரா ஓக் மரமும் காஞ்ச புல்லும். வியூவ பாத்து மயங்கி வாங்கியாச்சு, இப்ப இன்சூரன்ஸ் கம்பெனி ரினியூ பண்ண முடியாதுன்னு கைய விரிச்சுட்டாங்க, வேற எந்தக் கம்பெனியும் எடுக்காத வீட்டுக்கு கடைசி வழியா இருக்கற ஃபேர் பிளான் இன்சூரன்ஸ்தான் கதின்னு ஏஜென்ட் சொல்றாரு. ஆபீஸ்ல ஒருத்தர் கூரை மேல ஸ்ப்ரிங்க்ளர் போடுங்கறாரு, இன்னொருத்தர் வீட்டு மேல தீத்தடுப்பு ஜெல் அடிக்கணும்கறாரு, வீட்டம்மா மரத்தையெல்லாம் வெட்டித் தள்ளுங்கன்னு நிக்கறாங்க. பெரிய பட்ஜெட்லாம் இல்ல. முதல்ல எதைப் பண்றது?

கூரைக்காரன்:
ப்ரோ, நான் ரூஃபிங் எஸ்டிமேட் போடற வேலைல இருக்கேன். ஸ்ப்ரிங்க்ளர மறந்துடுங்க. தீ வர்ற நேரத்துல கரன்ட் இருக்காது, ஊரே குழாயத் திறந்து விட்டா பிரஷரும் இருக்காது, 2025 ஜனவரில லாஸ் ஏஞ்சலஸ் பாலிசேட்ஸ் தீயப்ப மேட்டுல இருந்த ஃபயர் ஹைட்ரன்ட்லயே தண்ணி வரல, உங்க கூரைக்கு எங்கேந்து வரும்?

எல்லாரும் பெரிய நெருப்புச் சுவர் வந்து வீட்ட முழுங்கும்னு நினைக்கறாங்க. பெரும்பாலும் வீட்டப் புடிக்கறது காத்துல பறந்து வர்ற கங்குதான், ஒரு மைலுக்கு அந்தப் பக்கமிருந்துகூட வரும். 2018-ல பாரடைஸ் ஊரு எரிஞ்ச போட்டோவ எடுத்துப் பாருங்க, வீடு சாம்பலாக் கெடக்கும், பக்கத்துலயே மரம் பச்சையா நிக்கும். அதனால உங்க வீட்ல கங்கு எங்க போய் உக்காரும்னு மட்டும் தேடுங்க.

முதல்ல வென்ட், அதாவது கூரைக்கடியில இருக்கற அட்டிக்குக்கு காத்து போற துவாரம். உங்க வீட்டு வயசுக்கு அட்டிக் வென்ட்ல கால் இன்ச் வலைதான் இருக்கும், கங்கு சர்வசாதாரணமா உள்ள போயிடும், அப்புறம் வீடு உள்ளேந்து எரியும், வெளிய நிக்கற ஃபயர்காரங்களுக்கே லேட்டாத்தான் தெரியும். கம்மி செலவுன்னா 1/8 இன்ச் இரும்பு வலை மாத்துங்க, பிளாஸ்டிக் வலை வேணாம் உருகிடும். காசு இருந்தா கங்கையும் சுவாலையையும் தடுக்கற வென்டே வருது, ஸ்டேட் ஃபயர் மார்ஷல் லிஸ்ட்ல இருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க. அடுத்து கூரை ஓரத்துல மழைத்தண்ணி ஓடற கட்டர்ல இருக்கற சருகு. அதுக்கு ஏணியும் கையுறையும் போதும்.

மல்லி_பந்தல்:
கூரைக்காரன் அண்ணா சொன்னது சரி, நான் சுவத்தச் சுத்தி 5 அடிய பத்தி மட்டும் சொல்றேன். ஜோன் ஜீரோன்னு சொல்றாங்க, 2020-லயே சட்டம் போட்டாச்சு, விதிமுறை எழுதறதுதான் இழுத்துக்கிட்டே போச்சு. அந்த 5 அடில எரியற பொருளே இருக்கக்கூடாது. செடிக்கடியில பரப்பின மரச்சில்லு மல்ச்ச வாரிட்டு சரளைக்கல்லு கொட்டுங்க, ஜன்னல் கீழ ஜூனிப்பர் ரோஸ்மேரி இருந்தா பிடுங்கிடுங்க, எண்ணெய்ச் செடி, பத்திக்கிச்சுன்னா விடாது. மரவேலி வீட்ல வந்து முட்டுற இடத்துல கடைசி 5 அடிய மெட்டலா மாத்துங்க, இல்லன்னா அது திரி மாதிரி நெருப்ப நேரா சுவத்துக்குக் கூட்டிட்டு வந்துடும்.

அப்புறம் நம்மாளுங்க வீட்டு வாசல்! தேங்காநார் மிதியடி, ரப்பர் செருப்பா அடுக்கின மர ஸ்டாண்டு, ஒரு ஓரமா தென்னந்துடைப்பம், நிலைல பொங்கலுக்குக் கட்டின மாவிலைத் தோரணம் ஆகஸ்ட் வரைக்கும் மொறுமொறுன்னு தொங்கிட்டிருக்கும். ரெட் ஃப்ளாக் வார்னிங் (தீ ஆபத்து அதிகம்னு வர்ற வானிலை எச்சரிக்கை) வந்தா இதெல்லாம் உள்ள போகணும். பந்தல் மல்லியும் சுவத்த ஒட்டி வேணாம், தள்ளி வைங்க (எனக்கும் மனசு வரலதான்).

ஓக்_நிழல்:
மரத்தையெல்லாம் வெட்ட வேண்டாம் சார், அக்காகிட்ட சொல்லுங்க. நல்லா இருக்கற ஓக் எதிரி இல்ல. கீழ்க்கிளைய தரைலேந்து 6 அடிக்கு கழிச்சு விடுங்க, அடியில புதர் இல்லாம பாத்துக்கங்க, கூரைக்கும் சிம்னிக்கும் 10 அடி இடம் விடுங்க. புல்லுதான் ஆபத்து, சரிவுல கீழேந்து மேல வர்ற தீ சமதரைய விட ரொம்ப வேகமா ஏறும். 4 இன்ச்சுக்கு மேல விடாதீங்க, காலைல 10 மணிக்குள்ள வெட்டிடுங்க, மத்தியான வெயில்ல பிளேடு கல்லுல பட்டு அந்தப் பொறிலயே தீப்பிடிச்ச கதைலாம் இருக்கு.

ஒண்ணு மட்டும் கூரைக்காரனோட ஒத்துப்போக முடியல. அதே 2025 ஜனவரில லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஆல்ட்டடீனா ஊர்ல வீட்டுக்கு வீடு தாவித்தான் நிறைய போச்சு, பக்கத்து வீடு எரியற சூட்லயே ஜன்னல் கண்ணாடி வெடிச்சிரும். உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடைவெளி கம்மின்னா வென்ட்டோட சேத்து அந்தப் பக்க ஜன்னலுக்கு டெம்பர்ட் டபுள் பேன் (சூட்டத் தாங்கற ரெண்டடுக்குக் கண்ணாடி) யோசிங்க. கொஞ்சம் காசாகும்.

சரிவுமேல_வீடு:
அப்ப வென்ட், 5 அடி, புல்லு. ரொம்ப நன்றிங்க. இதெல்லாம் பண்ணா இன்சூரன்ஸ் குறையுமா?

கூரைக்காரன்:
2022-லேந்து இந்த மாதிரி வேலைக்கு டிஸ்கவுன்ட் தரணும்னு ஸ்டேட் ரூல் இருக்கு, ஃபேர் பிளான்லயும் உண்டு. ஆனா பெருசா எதிர்பாக்காதீங்க. வேலைக்கு முன்னாடியும் பின்னாடியும் போட்டோ எடுத்து, பில்லோட அனுப்புங்க. இன்னொண்ணு, ஃபேர் பிளான் திருட்டுக்கோ லயபிலிட்டிக்கோ வராது, அதுக்கு டிஐசின்னு தனியா ஒரு பாலிசி சேத்து எடுக்கணும், ஏஜென்ட் அத சொன்னாரா?

மல்லி_பந்தல்:
கராஜ் கதவையும் பாருங்க. 2017 வட கலிஃபோர்னியா தீயப்ப கரன்ட் போய் கதவத் திறக்க முடியாம ஆளுங்க மாட்டிக்கிட்டாங்க, அதுக்கப்புறம்தான் புது ஓப்பனருக்கு பேட்டரி கட்டாயம்னு சட்டம் வந்துச்சு. உங்களது பழசுன்னா ஓப்பனர்லேந்து தொங்கற அந்த சிவப்புக் கயித்த இழுத்து கையால தூக்கறத வீட்ல எல்லாரும் ஒருதடவ செஞ்சு பாருங்க, குழந்தைங்க உட்பட.