ஓடியும் குதித்தும் தமிழ் படிக்கும் பிள்ளைகள்: நம் வகுப்பறை அனுபவங்கள்

ஒன்றாம் வகுப்பு ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

குறில், நெடில் வேறுபாட்டை நான் பாண்டிக் கட்டத்தில்தான் கற்பிக்கிறேன். தாழ்வாரத்தில் கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் ஓர் உயிர்மெய் எழுத்தை எழுதிவிடுவேன். குறிலுக்கு ஒற்றைக் காலில் ஒரு நொண்டி. நெடிலுக்கு இரு கால்களையும் ஊன்றி, மற்றவர்கள் இருமுறை கைதட்டி முடிக்கும்வரை குரலை நீட்ட வேண்டும். கண் இமைக்கும் நேரமும் கை நொடிக்கும் நேரமுமே ஒரு மாத்திரை, அதாவது எழுத்தை ஒலிக்கும் கால அளவு, என்று தொல்காப்பியமே உடலைக்கொண்டு அளந்திருப்பதால், இதைப் புதுமை என்று நான் நினைப்பதில்லை. சில வாரங்களுக்குப் பிறகு, சொல்வதை எழுதும் நேரத்தில் நான் 'பாடம்' என்றதும், ஒரு சிறுமி உட்கார்ந்தபடியே இரண்டு குதிகால்களையும் தரையில் ஊன்றிப் பார்த்துவிட்டுத் துணைக்கால் போட்டாள். அதுவரை அவள் நோட்டில் 'படம்' என்றுதான் இருக்கும்.

லகர, ளகர வேறுபாட்டுக்குக் 'கல்லா மண்ணா' ஆட்டத்தைச் சற்றே மாற்றிக்கொண்டோம். 'பல்லி' என்றால் திண்ணைமேல் ஏற வேண்டும், 'பள்ளி' என்றால் மணலில் குதிக்க வேண்டும். பாதிப் பேர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத்தான் ஓடுவார்கள் என்பதால், எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சொல்லை ஒருமுறை உரக்கச் சொன்ன பிறகே நகர வேண்டும் என்று விதி வைத்திருக்கிறேன். நாக்கு வளைகிறதா இல்லையா என்பது அந்த நொடியில் அவர்களுக்கே தெரிந்துவிடுகிறது.

தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்காகத் தமிழ்நாடு அரசு 2022 இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தால் இத்தகைய செயல்பாடுகளுக்கு வகுப்பில் நேரம் கிடைத்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் எழுத்தட்டையை ஓடிப்போய் எடுத்துவரும் போட்டிகளை என்னால் ஏற்க முடியவில்லை. அவற்றில் வெல்வது வேகமாக ஓடும் பிள்ளையே தவிர வாசிக்கத் தெரிந்த பிள்ளை அல்ல. மற்றவர்கள் வரிசையில் வெறுமனே நிற்கிறார்கள். கால் செய்வதற்கும் எழுத்துக்கும் ஏதாவது தொடர்பு இருக்க வேண்டாமா?

வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஆசிரியர், டொராண்டோ

ஆசிரியை கேட்ட தொடர்பை நாங்கள் 'பூப்பறிக்க வருகிறோம்' ஆட்டத்தில் கண்டோம். இங்குள்ள பிள்ளைகளுக்குத் தமிழ் புரியும், பதில்தான் ஆங்கிலத்தில் வரும். கட்டளையைக் கேட்டு உடலால் செய்து மொழி கற்கும் முறையை வகுத்த அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர், தொடக்கத்தில் பிள்ளையைப் பேசச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்றார். புதிதாகக் கற்பவருக்கு அது சரிதான். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு இனி வேண்டியது பேச்சு. எதிரெதிரே கைகோத்து நிற்கும் இரு அணிகளில், முன்னேறி வரும் அணி 'வருகிறோம்' என்றும், எதிரணி 'எந்த மாதம் வருகிறீர்கள்' என்றும் பாடியே ஆக வேண்டும். வாய் திறக்காவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். நான் 'நேற்று' என்று குரல் கொடுத்தால், அதே வரியை 'வந்தோம்', 'வந்தீர்கள்' என்று மாற்றிப் பாடிக்கொண்டே பின்னோக்கி நடக்க வேண்டும். விகுதியைத் தவறவிடும் பிள்ளையை நான் திருத்துவதே இல்லை, கைகோத்திருக்கும் தோழர்களே திருத்திவிடுகிறார்கள்.

சிறப்பாசிரியர், மதுரை

நடக்கச் சிரமப்படும் பிள்ளையை இத்தகைய ஆட்டங்களில் நடுவராக உட்கார வைத்துவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது இரக்கம்போல் தோன்றினாலும், அந்தப் பிள்ளைக்கு ஆட்டமும் இல்லை, எழுத்தும் இல்லை. ஆகையால் நாங்கள் வகுப்பு முழுவதையுமே கையால் ஆட வைக்கிறோம்: குறிலுக்கு ஒரு சொடக்கு, நெடிலுக்கு இரு கைகளையும் அகல விரித்தல், மெய்யெழுத்தின் அரை மாத்திரைக்கு விரல் நுனியால் மேசையைத் தொட்டு எடுத்தல். பாண்டிக் கட்டத்தில் மெய்யெழுத்து வரும்போது என்ன செய்கிறீர்கள் என்பதையும் விழுப்புரம் ஆசிரியை எழுதினால் உதவியாக இருக்கும்.