கம்பெனி ஸ்டீரியோவை வைத்துக்கொண்டே நல்ல சவுண்டா? யாரை ஏமாற்றுகிறீர்கள்?

முரட்டு_ஆம்ப்:
நேற்று ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "வண்டியோடு வந்த ஸ்டீரியோவைத் தொடவே வேண்டாம்; ஒரு எல்ஓசி (ஸ்பீக்கர் வயரின் சிக்னலை ஆம்புக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி), ஒரு நாலு சேனல் ஆம்ப், நல்ல ஸ்பீக்கர் போதும்; புது ஹெட் யூனிட்டுக்கு (டாஷ்போர்டில் மாட்டும் ஸ்டீரியோவுக்கு) சமமாகப் பாடும்" என்கிறார். சமமா? வால்யூமை ஏற்ற ஏற்ற எல்லா வண்டியிலும் கம்பெனி ஸ்டீரியோ பேஸை வெட்டுகிறது. வெட்டியதை எந்த ஆம்பில் கொடுத்தாலும், வெட்டியதுதான் சத்தமாக வரும். புதிதாக வருகிறவர்கள் இந்தப் பேச்சை நம்பிப் பணத்தைக் கொட்டுகிறார்கள். கழற்றிப் போடுங்கள். 4 வோல்ட் ஆர்சிஏ அவுட் (ஆம்புக்கு நேராகச் சிக்னல் தரும் இணைப்பு) உள்ள ஹெட் யூனிட்டை மாட்டுங்கள். பேச்சு முடிந்தது.

நாலு_ஓம்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம்.

எல்லா வண்டியிலும் பேஸ் வெட்டப்படுவதில்லை. வெட்டுகிற வண்டியில் அதற்குக் காரணம் இருக்கிறது. கதவில் இருக்கும் மெல்லிய காகிதக் கோன் ஸ்பீக்கர் அதிக வால்யூமில் 40, 50 ஹெர்ட்ஸைத் தாங்காது. அதைக் காப்பாற்ற, ஸ்டீரியோவுக்குள் இருக்கும் டிஎஸ்பி (ஒலியைத் திருத்தும் சிப்) வால்யூம் ஏற ஏற அடி பேஸை அடக்குகிறது. அடக்கியதை மீட்கவே கருவிகள் வந்துவிட்டன. ஆடியோகண்ட்ரோல் கம்பெனியின் எல்சி2ஐ என்ற எல்ஓசி-யில் அக்யூபேஸ் என்ற சர்க்யூட் இருப்பது இதற்காகத்தான்.

இன்றைய வண்டியில் அந்தத் திரை வெறும் பாட்டுப்பெட்டி இல்லை. ரிவர்ஸ் கேமரா, ஏசி கட்டுப்பாடு, பார்க்கிங் சென்சார் எச்சரிக்கை, ஸ்டீயரிங் பட்டன் எல்லாம் அதற்குள்தான். கழற்றிப் போடச் சொல்கிறவர் இதையெல்லாம் எங்கே மாட்டுவார்?

முரட்டு_ஆம்ப்:
பார்த்தீர்களா, அவரே சொல்லிவிட்டார்! பேஸை மீட்க ஒரு சர்க்யூட் தேவைப்படுகிறது என்றால் பேஸ் வெட்டப்படுகிறது என்றுதானே அர்த்தம்? வேறு சாட்சி எதற்கு?

நாலு_ஓம்:
கடையில் மருந்து இருக்கிறது என்பதற்காக ஊரில் எல்லோருக்கும் நோய் என்பீர்களா? "எல்லா வண்டியிலும்" என்ற வார்த்தைக்குப் பதில் சொல்லுங்கள்.

அளந்து பார்க்கத் தெரிந்தால் பாருங்கள். ஒரே அளவில் பதிவான 50 ஹெர்ட்ஸ் டோன் ஒன்று, 300 ஹெர்ட்ஸ் டோன் ஒன்று. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் வயரில் அளக்க வேண்டும். வால்யூமை ஒவ்வொரு படியாக ஏற்றி இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே விகிதத்தில் ஏறினால் வெட்டு இல்லை. 50 ஹெர்ட்ஸ் மட்டும் பின்தங்கினால், எந்தப் படியில் பின்தங்குகிறதோ அங்கேதான் வெட்டு தொடங்குகிறது. காதை வைத்து அடித்துவிடுகிற வேலை இது இல்லை.

கடைசி_சீட்:
ஒரு சந்தேகம் அண்ணா. "நல்ல சவுண்டு" என்று இரண்டு பேருமே சொல்கிறீர்கள். அது சத்தம் அதிகமா, தெளிவா, பேஸா? "வால்யூமை ஏற்றினால்" என்பது எவ்வளவு? நான் பாதிக்கு மேல் வைப்பதே இல்லை.

முரட்டு_ஆம்ப்:
அளக்கச் சொல்கிறவரே, பெரும்பாலான மலிவு மல்டிமீட்டர் 400 ஹெர்ட்ஸ் தாண்டினால் ஏசியைச் சரியாகக் காட்டாது. தெரியுமா?

நாலு_ஓம்:
தெரிந்ததால்தான் 300 என்று எழுதினேன். படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

டெசிபல்_தாத்தா:
தம்பிகளா, சண்டை போடாதீங்க. அளக்கும்போது ஸ்பீக்கரைக் கழட்டிடாதீங்க. சில வண்டியில ஸ்பீக்கர் இல்லன்னு தெரிஞ்சா அந்தச் சேனலையே ஸ்டீரியோ மூடிடும். எல்ஓசி போடும்போதும் அதே தொல்லைதான், ஸ்பீக்கர் இருக்கிற மாதிரி காட்ட லோட் ரெசிஸ்டர் வைக்கணும். தம்பி நாலு ஓம் இதைச் சொல்லாம விட்டுட்டார்.

நாலு_ஓம்:
விடவில்லை ஐயா. ஸ்பீக்கரைக் கழற்று என்று நான் எங்குமே எழுதவில்லை. அப்புறம், "தம்பி" வேண்டாம். என் வயது உங்களுக்குத் தெரியாது.

டெசிபல்_தாத்தா:
அன்பா கூப்பிட்டா அதுக்கும் கோபமா? கேசட் காலத்துல இருந்து வண்டிக்குள்ள தலையை விட்டு வயர் இழுக்கிறவன் நான். மீட்டர் வாங்கினவனெல்லாம் வாத்தியார் ஆயிட்டான் இப்போ.

நாலு_ஓம்:
வயர் இழுத்த அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் "ஸ்டீரியோவிலேயே 50 வாட் இன்டு 4 என்று அச்சடித்திருக்கிறது, ஆம்பே தேவையில்லை" என்று போன மாதம் எழுதியவரும் நீங்கள்தான். அந்தக் கணக்கை இன்றாவது பாருங்கள். தனி பவர் சப்ளை இல்லாத ஸ்டீரியோவுக்குக் கிடைப்பது, எஞ்சின் ஓடும்போது சுமார் 14.4 வோல்ட். அதை உச்சமாகக் கொண்ட சைன் அலையின் ஆர்எம்எஸ், அதாவது உண்மையில் பயன்படும் அளவு, 10 வோல்ட் சொச்சம். அதை வர்க்கப்படுத்தி 4 ஓமால் வகுத்தால் 26 வாட்கூட வராது. டிரான்சிஸ்டர் இழப்பு போக 20 வாட் பக்கம் நிற்கும். அந்த 50 எங்கிருந்து வருகிறது? 14.4-ஐ அப்படியே வர்க்கப்படுத்தி 4-ஆல் வகுத்தால் 51.8. அதாவது அலை முழுக்கக் கிளிப் ஆகி (உச்சி தட்டையாகி), சதுர அலையாகிவிட்ட நிலை. அதைப் பாட்டு என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

டெசிபல்_தாத்தா:
நான் சொன்னது பீக் வாட், அதாவது உச்சத்துல வர்றது. ஆர்எம்எஸ்னு நான் எங்க சொன்னேன்?

செம்புக்கம்பி:
வாட் கணக்கெல்லாம் இருக்கட்டும். நாலு_ஓம் அவர்கள் சிசிஏ வயர் பற்றிய என் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. "கேஜ் (வயரின் தடிமன்) சரியாக இருந்தால் சிசிஏ-யும் சரிதான்" என்று அன்று எழுதினார். அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு பூசிய வயர் அது. அதே தடிமனில் சுத்தச் செம்பில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் மின்சாரத்தைக் கடத்தும். இரண்டும் ஒன்றா?

நாலு_ஓம்:
"கேஜ் சரியாக" என்றால் அந்த வித்தியாசத்துக்கு ஏற்பத் தடிமனான வயர் என்றுதான் பொருள். ஒன்று என்று நான் சொன்ன வரியைக் காட்டுங்கள். வயரைவிட முக்கியமான ஃபியூஸைப் பற்றி நீங்கள் ஒரு நாளும் பேசியதில்லை. பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இல்லை என்றால், சுத்தச் செம்பும் நன்றாகவே தீப்பிடிக்கும்.

செம்புக்கம்பி:
கேள்வி வயர். பதில் ஃபியூஸ். அருமை.

முரட்டு_ஆம்ப்:
எல்லோரும் சேர்ந்து திசை திருப்பிவிட்டீர்கள். நான் கேட்டது ஒன்றுதான்: கம்பெனி ஸ்டீரியோ பேஸை வெட்டுகிறதா இல்லையா? என் வண்டியில் வெட்டியது. வால்யூம் 20 வரை கதவு அதிரும். 30-இல் வெறும் ட்வீட்டரின் கீச்சுச் சத்தம். எல்ஓசி போட்டேன், சப்வூஃபர் (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) போட்டேன், அதே கதை. ஹெட் யூனிட் மாற்றிய பிறகுதான் பேஸ் வந்தது. இதற்கு மேல் என்ன மீட்டர்?

நாலு_ஓம்:
இப்போதுதான் உருப்படியாக ஒரு தகவல் தந்தீர்கள். அப்படியானால் கேட்கிறேன். எந்த எல்ஓசி? பேஸை மீட்கும் சர்க்யூட் அதில் இருந்ததா? சிக்னலை எங்கிருந்து எடுத்தீர்கள், ட்வீட்டருக்குப் போகும் வயரிலிருந்தா, கதவு ஸ்பீக்கருக்குப் போவதிலிருந்தா? கம்பெனியே தனி ஆம்ப் வைத்த வண்டியில் பெரும்பாலும் இரண்டுக்கும் வேறு வேறு சிக்னல் போகும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிற டிஎஸ்பி இல்லாமல் ஒன்றை மட்டும் இழுத்தால் பாதிப் பாட்டுதான் கிடைக்கும். அதற்கு ஸ்டீரியோ என்ன செய்யும்? பொருத்தியவர் யாரென்று கேட்கவில்லை, எப்படிப் பொருத்தினார் என்று கேட்கிறேன்.

முரட்டு_ஆம்ப்:
பொருத்தியது நான்தான். எனக்குத் தெரியாதா எந்த வயர் எங்கே போகிறது என்று?

கடைசி_சீட்:
என் வண்டியில் எஞ்சின் இரைச்சலைக் குறைக்க கூரையில் மைக் இருக்கிறது. சப்வூஃபர் போட்டால் அது குழப்பும் என்கிறார்களே, உண்மையா?

நாலு_ஓம்:
உண்மை. எஞ்சின் இரைச்சலுக்கு எதிரலையை அதே ஸ்பீக்கர் வழியாக அந்த அமைப்பு அனுப்புகிறது. சப்வூஃபர் சேர்த்தால் அதன் கணக்கு தவறி, நின்ற இடத்தில் "ஹூம்" என்று முழங்கும், அல்லது உங்கள் பேஸையே இரைச்சல் என்று நினைத்து அடக்கப் பார்க்கும். வண்டிக்கு ஏற்ற முறையில் அந்த மைக்கைத் துண்டிக்க வேண்டும். கவனியுங்கள், புது ஆம்ப் போடுகிறவர்கள் "ஸ்டீரியோ பேஸை வெட்டுகிறது" என்று பழி போடும் சில வண்டிகளில் பேஸைத் தின்பது இந்த மைக்தான்.

முரட்டு_ஆம்ப்:
அட, இப்போது மைக் மேல் பழியா? முதலில் எல்ஓசி, பிறகு பொருத்திய விதம், இப்போது மைக். ஸ்டீரியோவைத் தவிர வண்டியில் மற்ற எல்லாமே குற்றவாளி!

டெசிபல்_தாத்தா:
அந்தக் காலத்துல மைக்கும் இல்ல, டிஎஸ்பியும் இல்ல. நாலு வயர், ஒரு ஆம்ப். பேஸ்னா பேஸ்.

நாலு_ஓம்:
முரட்டு_ஆம்ப், மறுபடியும் கேட்கிறேன். எந்த எல்ஓசி? எந்த வயரிலிருந்து சிக்னல்? 50 ஹெர்ட்ஸுக்கும் 300 ஹெர்ட்ஸுக்கும் வால்யூம் 20-இல் எத்தனை வோல்ட், 30-இல் எத்தனை வோல்ட்? இந்த எண்களைத் தராமல் "எல்லா வண்டியிலும்" என்று எழுதுவதை நான் விடப்போவதில்லை.

செம்புக்கம்பி:
அந்த எல்ஓசிக்குப் போன பவர் வயர் சிசிஏ-வா என்றும் கேளுங்கள்.

முரட்டு_ஆம்ப்:
ஹெட் யூனிட்டை மாற்றியதும் பேஸ் வந்தது. அந்தப் பழைய பெட்டியை மறுபடி மாட்டி, உங்களுக்காக வோல்ட் எழுதிக்கொண்டிருக்க எனக்கு வேலை இல்லையா? அது பேஸை வெட்டுகிறது. வெட்டுகிறது என்றால் வெட்டுகிறது.

நாலு_ஓம்:
எந்தப் படியில்?