கடலோர மல்டி கேச்: கடைசிப் புள்ளி தவறுகிறது, பதிவேடும் நனைகிறது

கேள்வி:
ஜிபிஎஸ் உதவியோடு ஒளித்து வைத்த பெட்டியைத் தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டுக்காக, கடலோர நடைபாதையில் கடல் உயிரினங்களை வைத்து நான்கு கட்ட மல்டி கேச் (ஒவ்வொரு கட்டமாகக் கடந்து கடைசிப் பெட்டியை அடைவது) அமைத்திருக்கிறேன். வருபவர்களில் பாதிப் பேர் கடைசிப் பெட்டிக்கு 37 மீட்டர் தெற்கே போய்த் தேடுகிறார்கள். கடைசிப் பெட்டிக்கான வடக்கு அட்சரேகையில் நிமிடத்தின் தசமப் பகுதி: .500 + (கணவாயின் கைகள் × 0.010). பக்கத்தில் செங்குத்துப் பாறை இருப்பதால் ஜிபிஎஸ் குழம்புகிறதா? இன்னொன்று, பெட்டியில் இருக்கும் பதிவேடு (கண்டுபிடித்தவர்கள் பெயர் எழுதும் நோட்டு) எப்போதும் ஈரம். நான்கு பக்கமும் கொக்கி போட்டு மூடும் டப்பாதான். உள்ளே சிலிக்கா ஜெல், பரிசுக்குக் கரையில் பொறுக்கிய சிப்பி, சங்கு.

பதில் 1:
ஜிபிஎஸ் காரணமில்லை. பாறையில் பட்டுத் திரும்பும் சிக்னல் என்றால் ஆளுக்கொரு பக்கம் இழுத்திருக்கும். ஒரே திசை, ஒரே தூரம் என்பதால் தவறு கணக்கில். அட்சரேகையில் 0.001 நிமிடம் சுமார் 1.85 மீட்டர், 37 மீட்டருக்கு 0.020. அதாவது விடையில் 2 குறைகிறது. கணவாய்க்குக் கை எட்டு, இரையைப் பிடிக்க நீளும் பற்றுக்கை இரண்டு. நீங்கள் 10 என்று வைத்தீர்கள், அவர்கள் 8 என்று எண்ணினார்கள்.

பேய்க்கணவாய்க்கு (ஆக்டோபஸ்) மாற்றுங்கள், அதற்கு எட்டுதான். கூடவே .500 என்பதை .520 ஆக்க மறக்காதீர்கள். நண்டு வேண்டாம், கொடுக்கைச் சேர்த்தால் 10, விட்டால் 8. நட்சத்திர மீனிலும் எல்லா இனத்துக்கும் ஐந்து கை கிடையாது. கடைசி ஆயத்தொலைவின் இலக்கங்களைக் கூட்டி அந்தத் தொகையை உங்கள் கேச்சின் விளக்கத்தில் போட்டுவிட்டால், நடக்கத் தொடங்கும் முன்பே தவறு தெரிந்துவிடும்.

பதில் 2:
ஈரத்துக்கு முதல் சந்தேகம் அந்தச் சிப்பிகள்மேல்தான். ஒட்டியிருக்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பகல் சூட்டில் டப்பாவிலிருந்து காற்று வெளியேறி, இரவில் குளிரும்போது ஈரக் காற்று உள்ளே போகும். சிலிக்கா ஜெல் இதற்கு ஈடுகொடுக்காது, சீக்கிரமே நிறைந்துவிடும். சங்குகளைக் கரையிலேயே விட்டுவிடுங்கள், துறவி நண்டுகளுக்கு அவைதான் வீடு. பரிசுக்கு உயிரினப் படம் அச்சிட்ட பிளாஸ்டிக் அட்டை போதும்.

மூடியின் ரப்பர் பட்டையைக் கழற்றி, பள்ளத்தில் உள்ள மணலை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். ஒரு மணல் துகள் போதும், மூடி இறுகாது. கிரீஸ் பூசாதீர்கள், மணல் ஒட்டும். பதிவேட்டை ஜிப் கவரில் போட்டிருந்தால், அதன் ஓரம் மூடியில் சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பதிவேட்டுக்கு நீர்புகாத் தாள், பென்சில். பெட்டி நிழலில், அமாவாசை பௌர்ணமிக் கடல் ஏற்றத்துக்கும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

கேட்டவர்:
.520 போட்டாயிற்று, சிப்பிகளையும் எடுத்துவிடுகிறேன். இரண்டாம் கட்டத்தில் கைப்பிடிக் கம்பியில் ஒட்டும் காந்த டப்பா இருக்கிறது. அது தாங்குமா?

பதில் 2:
நியோடிமியம் காந்தமாக இருந்தால் தாங்காது. நிக்கல் பூச்சில் கீறல் விழுந்ததும் உப்புக்காற்றில் அரித்து உதிரும். நைலான் கயிற்றால் கட்டுங்கள்.